ஆசிரியருக்கு யார் ஆசிரியர்?

நம்ம ஊர்ல ஆட்டோ ஓட்டணும்னா லைசென்ஸ் வேணும். ஊசி போடணும்னா நர்சிங் படிக்கணும். அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கணும்னாகூட ஆசிரியர் பயிற்சி முடிச்சு, தகுதித் தேர்வு வேற எழுதணும். ஆனா எந்த மருந்து வேலை செய்யும், எந்தத் தண்ணியைக் குடிக்கலாம்னு சொல்ற ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல எதை அச்சேத்தலாம், எதைத் திருப்பி அனுப்பலாம்னு முடிவு பண்றாரே ஆய்விதழ் ஆசிரியர், அவருக்கு என்ன தகுதி வேணும்?

பெரும்பாலான இடத்துல, தனியா ஒண்ணும் வேணாம். அந்தத் துறையில நாலு நல்ல கட்டுரை எழுதியிருக்கணும். யாராவது கூப்பிட்டு "இதழை ஏத்துக்கிறீங்களா?"ன்னு கேக்கணும். இவர் "சரி"ங்கணும். அவ்வளவுதான் மக்களே.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா, நான் இங்க ஒட்டாவாவுல நோய்ப்பரவலியல் முதுகலை படிச்சுக்கிட்டு, வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒரு சின்ன ஆய்விதழ் அலுவலகத்துல உதவியாளரா இருக்கேன். அலுவலகம்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க. எங்க பேராசிரியையோட அறையில ஒரு மூலை, ரெண்டு கணினி, ஒரு காபி மெஷின். வெளிய மைனஸ் இருபது. சம்பளம் வாடகைக்கும் பஸ் பாஸுக்கும் சரியாப் போகும். ஆனா இந்த மூலையில உக்காந்து பாக்கும்போதுதான், கட்டுரை அனுப்பிட்டு மாசக்கணக்குல காத்திருக்கிறவங்களுக்குத் தெரியாத ஒரு உலகம் தெரியுது. நம்ம வலைப்பதிவு வட்டத்துலயே ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. உங்களுக்கும் பயன்படும்னுதான் இந்த நீளமான பதிவு. பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போயிடலாம் :-)

முதல் ஆசிரியரும் ஜெயிலுக்குப் போனவர்தான்

அறிவியல் இதழ் ஆசிரியர்கள்ல மூத்தவர்னு சொல்லக்கூடியவர் ஹென்றி ஓல்டன்பர்க். ஜெர்மனியில பிரேமன் நகரத்துல பிறந்து, லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளரா இருந்தவர். 1665 மார்ச்சில் 'ஃபிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழைத் தொடங்கினார். ராயல் சொசைட்டி பேர் சொன்னாலும் அது அவரோட சொந்த முயற்சி. அதுல நாலு காசு வரும்னு நம்பித்தான் ஆரம்பிச்சார். இதழை சொசைட்டி தன் பொறுப்பில் எடுத்துக்கிட்டது 1752-ல்தான். மனுஷன் ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதி எழுதி விஷயம் சேகரிச்சதுல, வெளிநாட்டுக்காரங்களோட என்ன ரகசியப் பேச்சுன்னு சந்தேகப்பட்டு 1667-ல் லண்டன் டவர்ல கொஞ்ச நாள் அடைச்சு வச்சாங்க.

அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சரி, அவர் முதல் ஆள். ஆனா மூணு நூற்றாண்டு கழிச்சும் நிலைமை பெரிசா மாறலைங்கிறதுதான் ஆச்சரியம். வெளி நிபுணர்கள்கிட்ட கட்டுரையைக் காட்டிக் கருத்து கேக்கற பழக்கத்தையே 'நேச்சர்' இதழ் முறைப்படி கட்டாயமாக்கினது 1973-ல்தான். 1998-ல் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வந்தது. சிறப்பு மருத்துவ இதழ்களின் தலைமை ஆசிரியர்களைக் கேட்டுப் பாத்ததுல, பெரும்பாலானவங்க மருத்துவத் தொழிலைப் பாத்துக்கிட்டே பகுதி நேரமா இதழையும் பாக்கறவங்க. இதழ் வேலையைத் தாங்களாவே பழகிக்கிட்டவங்க.

இங்க ரெண்டு ஜாதி ஆசிரியர்கள் உண்டு. ஒண்ணு, நேச்சர் மாதிரி பெரிய இதழ்கள்ல முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க. முனைவர் பட்டம் வாங்கிட்டு ஆய்வகத்தை விட்டு வந்தவங்க. மூத்த ஆசிரியர் பக்கத்துல உக்காந்து வேலை பழகுவாங்க. ரெண்டாவது, பேராசிரியராவோ டாக்டராவோ இருந்துக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல இதழ் வேலை பாக்கறவங்க. எண்ணிக்கையில இவங்கதான் அதிகம். பல பேருக்குச் சம்பளம் கிடையாது, கிடைச்சாலும் பேருக்குத்தான். பயிற்சிங்கறது இவங்களுக்குத்தான் வேணும், இவங்களுக்குத்தான் இல்லை.

தர்மபுரிக் கிணறும் தபால்காரரும்

பயிற்சி இல்லைன்னா என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு கதை சொல்றேன்.

இளங்கலை படிக்கும்போது தர்மபுரி மாவட்டத்துல கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு அளக்கற ப்ராஜெக்ட்ல இருந்தேன். அந்தப் பக்கம் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். குழந்தைங்க பல்லுல பழுப்புக் கறை, வயசானவங்களுக்கு எலும்பு மடங்காத வலி, எல்லாம் ஊரறிஞ்ச விஷயம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா ஆபத்துன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நாங்க 64 கிணறு எடுத்து ஒரு வருஷம் அளந்தோம். அதுல 19 கிணறு கோடையில வத்திப்போச்சு. சார் கட்டுரை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார். எந்த இதழ்னு சொல்லப் போறதில்லை, எந்த நாட்டு இதழ்னுகூட வேணாம்.

பதினோரு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. முதல் மதிப்பீட்டாளர், "வத்திப்போன 19 கிணத்தையும் நீக்குங்க, அரைகுறைக் கணக்கு"ங்கறார். ரெண்டாமவர், "வத்திப்போற கிணறுகள்தான் இந்தக் கட்டுரையோட உயிரே, அதை வச்சு மறுபடி எழுதுங்க"ங்கறார். சரி, ரெண்டு நிபுணர், ரெண்டு கருத்து. அது சகஜம். இதுல ஆசிரியர் என்ன சொன்னார்? ஒரே வரி. "இரு மதிப்பீட்டாளர்களின் எல்லாக் கருத்துகளையும் நிறைவேற்றி நான்கு வாரத்தில் அனுப்பவும்."

நீக்கவும் செய்யணும், வச்சுக்கவும் செய்யணும்! "ஏம்ப்பா, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது இதுதானா?"ன்னு சார் கேட்டார். விளக்கம் கேட்டு ரெண்டு கடிதம் எழுதினார். அதே வரிதான் திரும்ப வந்தது. மூணாவது தடவை அவர் எழுதலை. அடுத்த செமஸ்டர் வகுப்புகள் ஆரம்பிச்சுடுச்சு. அந்த 64 கிணத்துக் கணக்கும் இன்னிக்கும் ஒரு பீரோவுல இருக்கு. அது அச்சாகியிருந்தா ஊருக்கு உடனே நல்ல தண்ணி வந்துருக்கும்னு நான் கதை விடமாட்டேன். ஆனா மாவட்ட அலுவலகத்துல போய் "இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கக் குடுக்காதீங்க"ன்னு மேசை மேல போட ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

அந்த ஆசிரியர் மேல எனக்கு அப்ப இருந்த கோபம் இப்ப இல்லை. கெட்டவரா இருக்க வாய்ப்பு கம்மி. வேலைப்பளுவுல மூச்சுத் திணறின ஒருத்தரா இருந்திருக்கலாம். ஆனா ஒண்ணு நிச்சயம். தன் வேலை தபால் பட்டுவாடா இல்லை, தீர்ப்பு சொல்றதுன்னு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை. (தபால்காரங்க மன்னிக்கணும். அவங்களுக்காவது பயிற்சி உண்டு.)

ஆசு இரியச் செய்பவர்?

'ஆசிரியர்'ங்கற சொல்லுக்குத் தமிழய்யா வகுப்புல ஒரு விளக்கம் சொல்வாங்க, ஞாபகம் இருக்கா? ஆசுன்னா குற்றம், இரியர்னா விலகச் செய்பவர். குற்றத்தை ஓட்டுறவர் ஆசிரியர். பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குச் சொன்னது, இதழாசிரியருக்கு இன்னும் கச்சிதமாப் பொருந்துதே, இல்லீங்களா?

உலகம் பூராவும் அப்படித்தான் நினைச்சாங்க. குற்றம் கண்டுபிடிக்கக் கத்துக்கொடுத்தா எல்லாம் சரியாயிடும்னு. அதைச் சோதிச்சும் பாத்தாங்க. நல்ல காரியம்.

பிஎம்ஜே இதழ்க்காரங்க 607 மதிப்பீட்டாளர்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு நேரடிப் பயிற்சி வகுப்பு. இன்னொண்ணுக்கு வீட்டுல வச்சுப் படிக்கப் பாடத்தொகுப்பு. மூணாவதுக்கு ஒண்ணுமில்லை. அப்புறம் வேணும்னே ஒன்பது பெரிய தப்பைச் சொருகின கட்டுரைகளை அனுப்பிவச்சாங்க. 2004-லயும் 2008-லயும் முடிவுகள் வந்தது. பயிற்சிக்கு முன்னாடி சராசரியாக் கண்டுபிடிச்சது ஒன்பதுல 2.58. அடுத்தடுத்த கட்டுரைகள்ல 2.71, 3.0. பயிற்சி வாங்கினவங்க கொஞ்சம் மேல; ஆனா அந்தக் கொஞ்சமும் நீண்ட நாள் நிலைக்கலை. ஒன்பது ஓட்டை இருக்கற குடத்துல மூணை மட்டும் அடைச்சா தண்ணி நிக்குமா?

சரி, ஒரு நாள் வகுப்பு போதாது, அனுபவசாலி ஒருத்தர் வழிகாட்டினா? அதையும் பாத்துட்டாங்க. அமெரிக்க அவசர மருத்துவ இதழ் ஒண்ணுல புது மதிப்பீட்டாளர்களுக்கு மூத்தவங்களை வழிகாட்டியாப் போட்டுப் பாத்தாங்க. 2012-ல் வந்த முடிவு: மதிப்பீட்டோட தரத்துல வித்தியாசம் தெரியலை.

அதெல்லாம் மதிப்பீட்டாளர்கள், ஆசிரியர்கள் தேவலாம்தானேன்னு நினைக்காதீங்க. அதே 2012-ல் மருத்துவ இதழ் ஆசிரியர்களுக்கே ஒரு பரீட்சை வச்சாங்க. கட்டுரையில யார் பேரைப் போடலாம்ங்கற கேள்விக்குச் சரியா பதில் சொன்னவங்க நூத்துக்கு 30 பேர். ஆதாய முரண் பத்தி 15 பேர். மதிப்பீட்டு முறை பத்தி 16. கருத்துத் திருட்டு பத்தி 17. இவங்க பல பேர் ஏதோ ஒரு பயிற்சி எடுத்தவங்க, தினம் இதே வேலையில இருக்கறவங்க!

இதைப் படிச்சதும் எனக்குச் சப்புனு ஆயிடுச்சு. அப்ப பயிற்சியே வீணா? பேராசிரியைகிட்ட கேட்டேன். (இங்க பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு இன்னும் வாய் வரலை, "புரொபசர்"னுதான் வருது.) அவங்க திருப்பி ஒரு கேள்வி கேட்டாங்க: "ஒன்பது தப்பையும் ஒரே ஆள் கண்டுபிடிக்கணும்னு யார் சொன்னா?"

அங்கதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

எது வேலை செஞ்சுது?

பார்சிலோனாவுல 'மெடிசினா கிளினிகா'ன்னு ஒரு இதழ். அங்க ஒரு சோதனை பண்ணி 2007-ல் முடிவை வெளியிட்டாங்க. சில கட்டுரைகளுக்கு வழக்கமான மதிப்பீட்டாளர்களோட ஒரு புள்ளியியல் நிபுணரையும் சேர்த்தாங்க. இன்னும் சிலதுக்கு "இந்தச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்துங்க"ன்னு மதிப்பீட்டாளர்கள்கிட்ட சொல்லிப் பாத்தாங்க. பட்டியல் கொடுத்ததுல பெரிசா ஒண்ணும் நடக்கலை. புள்ளியியல் நிபுணரைச் சேர்த்த கட்டுரைகள் தேறிடுச்சு.

இதுல என்ன பாடம்? ஒரே ஆளைச் சகலகலா வல்லவனாக்கப் பாக்கறதைவிட, சரியான ஆளை சரியான நேரத்துல கூப்பிடத் தெரிஞ்ச ஆசிரியர்தான் முக்கியம். குத்தத்தை அவரே ஓட்ட வேண்டியதில்லை. ஓட்டத் தெரிஞ்சவங்களை வரிசையா நிறுத்தி, அவங்க சொல்றதை எடைபோட்டு, கடைசியில தன் பேர்ல ஒரு முடிவு சொல்லணும். பயிற்சி கொடுக்க வேண்டியது இதுக்குத்தான்.

இந்த ஊர்லயே, ஒட்டாவா மருத்துவமனை ஆராய்ச்சி நிலையத்துல, டேவிட் மோஹர்னு ஒரு ஆராய்ச்சியாளர் இருக்கார். அவரோட குழுவினர் மத்த ஆசிரியர் அமைப்புகளையும் சேர்த்துக்கிட்டு 2017-ல் ஒரு பட்டியல் வெளியிட்டாங்க: மருத்துவ அறிவியல் இதழ் ஆசிரியருக்குத் தேவையான 14 திறமைகள். 1665-ல் தொடங்கின தொழிலுக்கு "என்னென்ன தெரிஞ்சிருக்கணும்"னு இப்படி உக்காந்து பேசிப் பட்டியல் போட 350 வருஷம் ஆயிருக்கு!

அதுக்கு முன்னாடி ஒண்ணுமே நடக்கலைன்னு இல்லை. 1957-ல் அமெரிக்காவுல உயிரியல் இதழ் ஆசிரியர்கள் கூடி ஆரம்பிச்ச அமைப்புதான் இன்னிக்கு அறிவியல் ஆசிரியர்கள் மன்றமா வளர்ந்து, வருஷாந்திரக் கூட்டத்துல குறும்படிப்புகள் நடத்துது. 1978-ல் கனடாவின் வான்கூவர்ல சில மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கூடினாங்க; கட்டுரையில ஆசிரியர்னு யார் பேரைப் போடலாம்ங்கறதுக்கு இன்னிக்கு உலகமே பாக்கற விதி அந்தக் குழு வழியா வந்ததுதான். 1982-ல் ஐரோப்பிய அறிவியல் ஆசிரியர்கள் சங்கம். 1995-ல் இத்தாலியில உலக மருத்துவ ஆசிரியர்கள் சங்கம்.

எனக்குப் பிடிச்சது 1997-ல் இங்கிலாந்துல வந்த 'கோப்'. வெளியீட்டு நெறிமுறைக் குழுங்கறதோட ஆங்கிலச் சுருக்கம். நம்ம ஊர்ல கோப்புன்னா மேசையில தூங்கும், இது அப்படி இல்லை :-) 'கட்' இதழின் மைக்கேல் ஃபார்திங், பிஎம்ஜேயின் ரிச்சர்ட் ஸ்மித், லான்செட்டின் ரிச்சர்ட் ஹார்ட்டன் இவங்கல்லாம் சேர்ந்து ஆரம்பிச்சது. என்ன பண்ணாங்கன்னா, அவங்கவங்க மேசைக்கு வந்த சிக்கலான விவகாரங்களை, பேரை மறைச்சு, நடுவுல வச்சுப் பேசினாங்க. "எனக்கு இப்படி ஒரு கட்டுரை வந்திருக்கு, எண்ணிக்கை எல்லாம் ஜோடிச்ச மாதிரி இருக்கு, நான் யாருக்கு எழுதணும்?" "எனக்கும் போன வருஷம் வந்தது, நான் இப்படிச் செஞ்சேன்." கிட்டத்தட்ட ஊர்ப் பஞ்சாயத்து. அந்தப் பேச்சுகள்லேர்ந்து வளர்ந்ததுதான் அவங்களோட படிப்படியான வழிப்படங்கள். தரவு பொய்னு சந்தேகம் வந்தா முதல் படி என்ன, கட்டுரையாளர் பதில் சொல்லலைன்னா ரெண்டாவது என்ன, அவரோட நிறுவனத்துக்கு எப்ப எழுதறதுன்னு அம்புக்குறி போட்டு இருக்கும். எங்க அலுவலகச் சுவத்துல ஒண்ணு ஒட்டியிருக்கு.

பக்கத்துல உக்காந்து பழகினவங்க

சின்ன நாடுகள்லேர்ந்து ரெண்டு உதாரணம்.

ஒண்ணு குரோஷியா. 1992-ல், போருக்கு நடுவுல, மாட்கோ மருஷிச், அனா மருஷிச் தம்பதி 'குரோஷியன் மெடிக்கல் ஜர்னல்' இதழை ஆங்கிலத்துல ஆரம்பிச்சாங்க. வந்த கட்டுரைகள்ல நிறைய, தரவு நல்லா இருக்கும், எழுத்து மோசமா இருக்கும். திருப்பி அனுப்பறது சுலபம். அவங்க அதைச் செய்யாம, கட்டுரையாளரோட சேர்ந்து உக்காந்து திருத்தறதையே இதழோட கொள்கையா வச்சாங்க. அதோட நிக்காம, எங்கெல்லாம் தப்பு வருதுன்னு பாத்து, மருத்துவ மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறைப் பாடமே நடத்தினாங்க. அனா மருஷிச் பின்னாடி உலக மருத்துவ ஆசிரியர்கள் சங்கத்துக்கே தலைவரானார்.

இன்னொண்ணு ஆப்பிரிக்கா. 2004-ல் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்குச்சு. கானா, மலாவி, மாலி, உகாண்டா நாட்டு மருத்துவ இதழ்களை லான்செட், ஜாமா, பிஎம்ஜே மாதிரி பெரிய இதழ்களோட ஜோடி சேர்த்தாங்க. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ஆதரவு. வெறும் வகுப்பு மட்டும் இல்லை. கணினி கொடுத்தாங்க, இவங்க அங்க போய் அலுவலகம் எப்படி நடக்குதுன்னு பாத்தாங்க, அவங்க இங்க வந்தாங்க. புத்திமதி சொல்லிட்டுப் போகாம கருவியும் கொடுத்து கூடவும் நின்னதுதான் இதுல முக்கியம்.

பூட்டு இல்லாத கதவு

"என்னமோ ஆசிரியர்கள் பிரச்னை, நமக்கென்ன?"ன்னு இருக்க முடியாதபடி 2023 வந்தது. ஹிந்தாவிங்கற வெளியீட்டு நிறுவனம் சிறப்பிதழ்களா வெளியிட்டுத் தள்ளிச்சு. ஒவ்வொண்ணுக்கும் வெளியிலேர்ந்து விருந்தினர் ஆசிரியர்கள். காசு வாங்கிட்டுக் கட்டுரை தயாரிச்சுக் கொடுக்கற கும்பல்களுக்கு அந்தக் கதவு வசதியாப் போச்சு. ஒரே வருஷத்துல 8,000-க்கும் மேல கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதை வாங்கியிருந்த வைலி நிறுவனம் ஹிந்தாவிங்கற பேரையே கைவிடறதா அறிவிச்சுது.

இதுல கும்பலோட வேலை பாதி. வந்தவர் யாருன்னு பாக்காம ஆசிரியர் நாற்காலியைக் கொடுத்தது மீதி. ஆசிரியர்ங்கறவர் கதவுக்காரர். அவருக்குப் பூட்டு எங்க இருக்குன்னு காட்டாம சாவிக்கொத்தை மட்டும் கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும்.

மூலையில நான் கத்துக்கிட்டது

எங்க இதழுக்கு வந்த எந்தக் கட்டுரையைப் பத்தியும் இங்க எழுத மாட்டேன். வந்த கட்டுரை ரகசியம்ங்கறதுதான் முதல் நாள் பாடம். ஆனா வேலை எப்படின்னு சொல்லலாம்.

1. முதல்ல ஆசிரியரே படிக்கணும். நம்ம இதழுக்குப் பொருந்தாதுன்னா ஒரே வாரத்துல, காரணத்தோட சொல்லிடணும். சீக்கிரமாச் சொல்ற 'இல்லை'யும் ஒரு உதவிதான். ஆறு மாசம் கழிச்சு அதே 'இல்லை'யைச் சொன்னா ஒரு மாணவரோட ஆறு மாசம் போச்சு.

2. மதிப்பீட்டாளரைத் தேடும்போது ரெண்டு பெரிய பேரைத் தேடக் கூடாது. பொருள் தெரிஞ்சவர் ஒருத்தர், முறை தெரிஞ்சவர் ஒருத்தர். எண்கள் முக்கியமான கட்டுரைன்னா புள்ளியியல்காரர் கட்டாயம்.

3. கட்டுரையாளரே பரிந்துரைக்கற மதிப்பீட்டாளரோட மின்னஞ்சல் முகவரியைச் சரிபாக்கணும். இது அதிகப்படியான சந்தேகம் இல்லை. 2014-ல் சேஜ் நிறுவனத்தோட அதிர்வியல் இதழ் ஒண்ணு 60 கட்டுரைகளையும், 2015-ல் பயோமெட் சென்ட்ரல் 43 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது போலி மதிப்பீட்டால்தான்.

4. மதிப்பீடுகள் முரண்பட்டா, முடிவுக் கடிதத்துல ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லியே ஆகணும். எங்க பேராசிரியையோட கடிதங்கள் மூணு பகுதியா இருக்கும்: கட்டாயம் செய்ய வேண்டியது, செய்தால் நல்லது, செய்ய வேண்டாம். அந்த மூணாவது பகுதியை முதல்தடவை பாத்தப்ப எனக்குத் தர்மபுரி சார்தான் ஞாபகம் வந்தார். "இரண்டாம் மதிப்பீட்டாளரின் நான்காவது கருத்தை நீங்கள் பின்பற்றத் தேவையில்லை, காரணம் இது" அப்படின்னு ஒரே ஒரு வரி. அவருக்கு அது போதுமா இருந்திருக்கும்.

5. ஆங்கிலம் சரியில்லைங்கறதும் ஆராய்ச்சி சரியில்லைங்கறதும் வேற வேற. மதிப்பீட்டாளர் ஏளனமா எழுதியிருந்தா, அதை அப்படியே அனுப்பாம, நாகரிகமா மாத்தித் தரச் சொல்லி அவருக்கே திருப்பி எழுதணும்.

6. அச்சானதோட வேலை முடியலை. தப்புன்னு யாராவது எழுதினா பதில் சொல்லணும், திருத்தம் போடணும், தேவைன்னா திரும்பப் பெறணும். லான்செட்ல 1998-ல் வந்த தடுப்பூசி-ஆட்டிசம் கட்டுரை முழுசாத் திரும்பப் பெறப்பட்டது 2010-ல். அந்தப் பன்னெண்டு வருஷத்துல அது பண்ணின சேதம் உங்களுக்கே தெரியும்.

இந்த ஆறுல ஒண்ணுகூட மேதாவித்தனம் இல்லை பாருங்க. எல்லாம் பழக்கம். யாராவது பக்கத்துல உக்காந்து ஆறு மாசம் காட்டினா யாருக்கும் வரும். காட்டறதுக்கு ஆளும், அவருக்கு நேரமும், அந்த நேரத்துக்குக் கொஞ்சம் காசும் வேணும். நிறைய இதழ்கள்ல இல்லாதது அந்த மூணும்தான்.

நம்ம பக்கம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு ஒதுக்க முடியாது. திருச்சியில பிறந்த சி.வி.ராமன் 1926-ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழைத் தொடங்கி, 1928-ல் நோபல் வாங்கித் தந்த கண்டுபிடிப்பை அதுலயேதான் விரிவா வெளியிட்டார். நம்ம இதழை நாமே நம்பணும்னு அவர் நினைச்சார்.

இலங்கை நண்பர்களுக்கு: உங்க நாட்டு ஆய்விதழ்களுக்குன்னு ஒரு பொது இணையத்தளம் 2008-லேர்ந்து இருக்கு. இனாஸ்ப் அமைப்பும் ஆப்பிரிக்க இதழ்த் தொகுப்பும் சேர்ந்து 2017-ல் கொண்டுவந்த நட்சத்திரத் தர மதிப்பீடு இலங்கை, நேபாளம், வங்கதேச இதழ்களுக்கும் போட்டிருக்காங்க. எதைச் சரி பண்ணினா அடுத்த நட்சத்திரம்னு ஆசிரியருக்குப் புரியற மாதிரி இருக்கும். மட்டம் தட்டாம மேல தூக்கற மதிப்பீடு.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க துறையிலயோ கல்லூரியிலயோ ஒரு சின்ன இதழ் நடந்தா, அதோட ஆசிரியர் யாருன்னு கண்டுபிடிச்சு ஒரு மதிய நேரம் போய்ப் பேசுங்க. திட்டறதுக்கு இல்லை. "சார், ஒரு கை கொடுக்கட்டுமா?"ன்னு கேளுங்க. 'கோப்' வழிப்படங்களும் ஐரோப்பிய சங்கத்தோட கட்டுரை வழிகாட்டியும் இணையத்துல இலவசம். அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்க. அடுத்த பத்து வருஷத்துல அந்த நாற்காலி உங்ககிட்டயே வரும். அப்ப "சரி"ங்கறதுக்கு முன்னாடி, "எனக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க?"ன்னு கேளுங்க. கேக்கற முதல் ஆள் நீங்களா இருந்தாலும் பரவாயில்லை.

பி.கு: உங்களுக்கு வந்ததுலயே நல்ல முடிவுக் கடிதம் எது? நிராகரிப்பா இருந்தாலும் சரி. இதழ் பேர் வேணாம், அதுல ஆசிரியர் என்ன பண்ணியிருந்தார்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. சேர்த்துத் தொகுத்து எங்க சுவத்துல, அந்த வழிப்படத்துக்குப் பக்கத்துல ஒட்டலாம்னு இருக்கேன். பேராசிரியைக்கு மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.